கடைக்கண்ணில் ஓடும் உலகம்: ஓரப் பார்வை, தூரம், அசைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னலில் காரை நிறுத்தியிருந்தேன். இடப்பக்கம் ஒரு பேருந்து. நான் நேரே சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். கால் ஏற்கெனவே பிரேக்கில்தான் இருந்தது. உருண்டது கார் இல்லை. பேருந்து ஒரு முழம் முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. இதைச் சொன்னதும் நண்பர்கள் கேட்ட கேள்விகள், அப்புறம் நானே தேடிப் படித்தவை, எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது. கண்ணோரத்தில் நடக்கும் ஏமாற்றங்களை அசைவு சம்பந்தப்பட்டவை என்று நினைக்கிறோம். கிளறிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை தூரம் சம்பந்தப்பட்டவை. மூளை தூரத்தைத் தப்பாக வைத்துக்கொள்கிறது. அசைவு அதன் பின்னாலேயே தப்பாகிறது.

ஓரப் பார்வை என்று எதைச் சொல்கிறோம்?

கையை நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் உங்கள் கண்ணில் ஏறக்குறைய 2 டிகிரி. எழுத்துக் கூட்டிப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, கூட்டத்தில் முகம் அடையாளம் காண்பது எல்லாமே சுமாராக அந்த அளவு இடத்தில்தான் நடக்கிறது. விழித்திரையின் நடுக்குழியில் கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் அங்கே மட்டும் இந்தக் கூர்மை.

மீதி எல்லாம் ஓரம்தான். இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் 180 டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கின்றன. நடுவில் 120 டிகிரி வாக்கில் இரண்டு கண்ணுக்கும் பொது. அதற்கு அப்பால் இரு பக்கமும் பிறைபோல ஒரு கீற்று உண்டு. அங்கே ஒரு கண்தான் பார்க்கிறது. இந்தப் பிறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அசைவைப் பார்ப்பதில் கடைக்கண்தான் கெட்டிக்காரன் என்கிறார்களே?

பாதி உண்மை. வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர் 1875 வாக்கிலேயே அசைவைத் தனி உணர்வாகப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணோரம் அசைவுக்கு உஷாராக இருக்கிறது என்பதையும் கவனித்தார். அங்கிருந்துதான் ‘ஓரம் அசைவுக்கு, நடு உருவத்துக்கு’ என்ற பேச்சு பரவியது.

அளந்து பார்த்தால், மிக மெதுவான நகர்வைக் கண்டுபிடிப்பதிலும் நடுதான் முதலிடம். ஓரத்துக்குப் போகப் போக அசைவு தெரியும் திறனும் குறைகிறது, உருவம் தெரியும் திறனும் குறைகிறது. ஆனால் உருவம் மடமடவென்று சரிகிறது, அசைவு நிதானமாகக் குறைகிறது. அதனால் கடைக்கோடியில் கடைசியாக மிஞ்சுவது அசைவுதான். காதுக்குப் பக்கத்தில் விரலை அசையாமல் வையுங்கள்: ஒன்றும் தெரியாது. ஆட்டுங்கள்: ‘ஏதோ’ இருக்கிறது என்று தெரியும். என்ன என்று தெரியாது.

இன்னொன்று. ஒரே கோண வேகத்தில் போகும் பொருள், நடுவில் பார்க்கும்போதைவிட ஓரத்தில் மெதுவாகப் போவதுபோல் தோன்றும். டைனன், செகுலர் என்ற இருவர் 1982-ல் இதை அளந்து காட்டினார்கள். அப்படியென்றால் சாலையோர மரங்கள் ஏன் கண்ணோரத்தில் பறக்கின்றன? அடுத்த பதிலைப் படியுங்கள்.

தூரத்துக்கும் அசைவுக்கும் என்ன சம்பந்தம்?

விழித்திரைக்கு மீட்டரும் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது. அதற்குக் கிடைப்பது கோணம் மட்டும். ஒரு நொடியில் பிம்பம் எத்தனை டிகிரி நகர்ந்தது என்ற ஒரே எண். அந்த எண்ணைத் தூரத்தால் பெருக்கினால்தான் நிஜ வேகம் வரும். தூரம் யார் தருவது? அங்கேதான் தகராறு.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதாவது நொடிக்கு 20 மீட்டர். 4 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பம் உங்களுக்கு நேர் பக்கத்தில் வரும்போது நொடிக்குக் கிட்டத்தட்ட 290 டிகிரி என்ற கணக்கில் பின்னால் பாய்கிறது. 100 மீட்டர் தள்ளி நிற்கும் பனை, நொடிக்கு 11 டிகிரி. 5 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குன்று, நொடிக்குக் கால் டிகிரிகூட இல்லை. மூன்றும் நட்டுவைத்த இடத்தில் நிற்பவை. மூன்றும் நிற்கின்றன என்று நமக்குப் புரிவது, மூளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரத்தை ஒதுக்கிக் கணக்கை நேர்செய்வதால்தான்.

இனி சாலை. பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். பாதைக்கு 3 மீட்டர் பக்கத்தில் ஒரு மைல்கல். அது 17 மீட்டர் முன்னால் இருக்கும்போது, நேர் திசையிலிருந்து 10 டிகிரிதான் விலகியிருக்கும். நகர்வது நொடிக்கு 6 டிகிரி. அதே கல் உங்கள் முழங்காலுக்கு நேராக வரும்போது நொடிக்கு 200 டிகிரிக்கும் மேல். ஓரம் வேகத்தைக் குறைத்துக் காட்டுவது உண்மைதான், ஆனால் ஓரத்துக்கு வந்து சேரும் கோண வேகமே அவ்வளவு அதிகம். அந்தத் தள்ளுபடியெல்லாம் இதற்கு முன்னால் எடுபடாது. ஹெல்மெட் பக்கவாட்டை மறைத்தால் வண்டி மெதுவாகப் போவதுபோல் இருப்பதும் இதனால்தான்.

தூரத்தைக் காட்டும் குறிப்புகள் எல்லாமே ஓரத்திலும் வேலை செய்யுமா?

இல்லை. நுணுக்கமானவை விழுந்துவிடும், முரட்டுத்தனமானவை நிற்கும்.

இரண்டு கண்ணுக்கும் பிம்பம் சற்றே வேறுபடுவதால் ஆழம் தெரிகிறது என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் காட்டினார். நடுப் பார்வையில் இது அபாரமான கருவி. ஓரம் போகப் போக மழுங்குகிறது. மேலே சொன்ன பிறைப் பகுதியில் ஒரே கண்தான் பார்ப்பதால் இதற்கு வேலையே இல்லை. பழக்கமான உருவத்தை வைத்துத் தூரம் கணிப்பதும் ஓரத்தில் சிரமம், உருவமே தெரியவில்லையே.

நிற்பவை எவை? நாம் நகரும்போது கிட்டத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் பின்னால் போவது, அதாவது பள்ளிப் பாடத்தில் வரும் இடமாறு தோற்றம். தரை கால் பக்கத்திலிருந்து தொடுவானம் வரை விரிந்து கிடப்பது. ஒன்று இன்னொன்றை மறைப்பது. இவை பெரிய பரப்பில் நடப்பவை, கூர்மை கேட்காதவை. இடமாறு தோற்றம் வேறு எந்தக் குறிப்பின் துணையும் இல்லாமல், தனியாகவே ஆழத்தைக் காட்டும் என்று பிரையன் ராஜர்ஸும் மாரீன் கிரகாமும் 1979-ல் நிரூபித்தார்கள்.

ஒரு விசேஷம் பாருங்கள். இந்தக் குறிப்பு தூரத்தை அசைவிலிருந்து எடுக்கிறது. அசைவைப் புரிந்துகொள்ள நமக்குத் தூரம் வேண்டும். ஓரப் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கே இந்தச் சுற்று தப்பான இடத்தில் முடிச்சுப் போடுகிறதோ, அங்கே பிரேக்கை மிதிக்கிறோம்.

நிலா ஏன் கூடவே வருகிறது?

ரொம்ப தூரம் என்பதால். நிலா சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; நீங்கள் பத்துக் கிலோமீட்டர் போனாலும் அது வானத்தில் பின்தங்குவது கண்ணுக்குத் தெரியாது. மரங்கள் பின்னால் போகின்றன, நிலா போகவில்லை. இதுவரை சாதாரணக் கணக்கு.

ஆனால் ‘கூடவே வருகிறது’ என்ற உணர்வு எங்கிருந்து வந்தது? மூளைக்கு 3,84,000 கிலோமீட்டர் என்று ஒரு தூரத்தைக் கற்பனை செய்யவே தெரியாது. பனைமரத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஏதோ ஓர் இடத்தில் நிலாவை வைத்துவிடுகிறது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் பொருள் பின்தங்கவில்லை என்றால், அது நம்மோடு ஓடி வந்தாக வேண்டும். தர்க்கம் சுத்தம், தூரம்தான் தப்பு. அமெரிக்க உளவியலாளர் வால்டர் கோகல் தன் ஆய்வுகளில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்: தூரம் தவறாகத் தோன்றும் பொருள், நாம் தலையை அசைத்தால் அதுவும் அசைவதுபோல் தெரியும்.

மேகத்துக்குள் நிலா ஓடுவது வேறு கதை. அங்கே பெரிய மேகம் ‘நிற்கும் சட்டம்’ ஆகிவிடுகிறது, சின்ன நிலா ஓடுவதாகத் தெரிகிறது. கார்ல் டுங்கர் 1929-ல் விளக்கியது இது.

சரி, பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் நகர்வதுபோல் இருப்பது?

இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் வெக்‌ஷன். ஏர்ன்ஸ்ட் மாக் 1875-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றிலும் கோடு போட்ட பெரிய உருளைக்குள் ஆளை உட்காரவைத்து உருளையைச் சுழற்றினால், சில நொடிகளில் உருளை நின்றுவிடும், நாற்காலி சுழல ஆரம்பிக்கும். அதாவது அப்படித் தோன்றும். பிராண்ட், டிக்கன்ஸ், கோனிக் மூவரும் 1973-ல் நடுப்பகுதியை மறைத்து ஓரத்தை மட்டும் சுழலவிட்டார்கள். அப்போதும் ஆள் சுழன்றார். ஓரத்தை மறைத்து நடுவில் சின்னப் பகுதியை மட்டும் காட்டினால், கோடுகள்தான் நகர்வதாகத் தெரிந்தது. ‘நான் நகர்கிறேன்’ என்பதற்கு ஓரம், ‘அது நகர்கிறது’ என்பதற்கு நடு என்று பாடநூல்களில் ஏறிவிட்டது.

அந்தப் பாடம் அப்படியே நிற்கவில்லை. 1987-ல் ஓமி, ஹவர்ட், லண்டோல்ட் ஆகியோர் இரண்டு அடுக்காகக் காட்டினார்கள்: ஒன்று நகரும், ஒன்று நிற்கும். எது பின்னால் இருப்பதாக ஆளுக்குத் தோன்றுகிறதோ, அதுதான் தீர்ப்புச் சொல்கிறது. பின்னணி நகர்ந்தால் ‘நான் நகர்கிறேன்’. முன்னால் என்ன ஓடினாலும் பொருட்டில்லை. அடுத்த ஆண்டே ராபர்ட் போஸ்ட், பரப்பளவைச் சமமாக வைத்தால் நடுவும் ஓரமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்று காட்டினார்.

நியாயம்தானே. முன்னால் ஓடுவது மாடாக இருக்கலாம், ஆளாக இருக்கலாம். பின்னணி என்பது பூமி. பூமி ஓடாது. பின்னணி நகர்ந்தால் நகர்வது நாம்தான் என்று மூளை பந்தயம் கட்டுகிறது, பெரும்பாலும் ஜெயிக்கிறது.

சிக்னலில் என் கண்ணோரம் முழுவதையும் பேருந்து அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் கடையோ மரமோ எதுவும் தெரியவில்லை. தெரிந்தவற்றில் ‘கடைசி அடுக்கு’ பேருந்தின் தகரம்தான். மூளை அதையே பூமியாக எடுத்துக்கொண்டது. அடுத்தமுறை இப்படி ஆனால், பேருந்தின் சக்கரங்களுக்கு இடையே தெரியும் தரையைப் பாருங்கள். உருளல் சட்டென்று நின்றுவிடும். நான் பலமுறை செய்து பார்த்துவிட்டேன்.

அப்படியானால் நடுப் பார்வையில் மட்டும் காட்டினாலும் நகர்வதுபோல் தோன்றுமா?

தோன்றும், ஆழம் இருந்தால். ஆண்டர்சனும் பிரவுன்ஸ்டைனும் 1985-ல், 7.5 டிகிரி அளவு சின்ன ஜன்னலில் புள்ளிகள் ஆழத்திலிருந்து விரிந்து வருவதுபோல் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு முன்னால் போவதுபோல் இருந்தது. தட்டையான கோடுகளை அதே அளவில் காட்டியபோது வராத உணர்வு, முப்பரிமாணமாக்கியதும் வந்துவிட்டது.

மூடுபனியில் வேகம் குறைவாகத் தோன்றும் என்பது உண்மையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் ஒருமுறை சொல்லப்பட்டு, பிறகு தலைகீழானது.

வெளிறிப்போன காட்சி, பளிச்சென்ற காட்சியைவிட மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். இது ஆய்வகங்களில் நன்றாக நிலைநாட்டப்பட்ட விஷயம். 1998-ல் ஸ்னோடன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் இதைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கணினியில் ஓட்டும் காரில் மூடுபனியைக் கூட்டக் கூட்ட, ஓட்டுபவர்கள் தங்களை அறியாமல் வேகத்தையும் கூட்டினார்கள். பனியில் ஏன் வண்டிகள் மோதிக்கொள்கின்றன என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள்.

2012-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பாவ்லோ பிரெட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். நிஜ மூடுபனி எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளிற வைக்குமா? வைக்காது. 5 மீட்டரில் இருக்கும் தார்ச்சாலை பளிச்சென்று தெரியும். 50 மீட்டரில் இருப்பது பாலில் கரைந்த மாதிரி இருக்கும். பனியே ஒரு தூரக் குறிப்பு. எது கண்ணில் எங்கே விழுகிறது என்று பார்த்தால், கிட்டத்துச் சாலை பார்வையின் கீழோரத்திலும் பக்கங்களிலும், தூரத்துச் சாலை நடுவிலும் இருக்கிறது. அதாவது வேகமாகப் பாயும் ஓரம் தெளிவாக நிற்கிறது, மெதுவாக ஊரும் நடு அழிந்துபோகிறது.

முடிவு: தூரத்துக்கு ஏற்ப அடர்த்தியாகும் நிஜ மாதிரிப் பனியில் ஓட்டுபவர்கள் வேகத்தை அதிகமாக உணர்ந்து, மெதுவாக ஓட்டினார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளிறச் செய்தபோது மட்டும் பழைய முடிவு வந்தது. விஷமமாக ‘எதிர்ப்பனி’ ஒன்றையும் செய்து பார்த்தார்கள்: கிட்டத்தில் மங்கல், தூரத்தில் தெளிவு. அதில்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓட்டினார்கள்.

ஆக, அசைவின் அளவு மாறவில்லை. தெளிவு கிட்டத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா, அது ஓரத்தில் விழுகிறதா நடுவில் விழுகிறதா என்பது மாறியது. என் சொந்தக் கணிப்பு ஒன்று: வெளியே இருக்கும் பனியைவிட, உள்ளே கண்ணாடியில் படியும் ஆவிதான் இந்த விஷயத்தில் ஏமாற்றுக்காரன். அது எல்லாத் தூரத்தையும் ஒரே மாதிரி வெளிற வைக்கிறது. ஆவியைத் துடைக்காமல் ஓட்டாதீர்கள்.

உயரமான வண்டியில் வேகம் தெரிவதில்லையே?

தரை தள்ளிப்போய்விடுகிறது, அதனால்தான். கண் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்குக் கீழோரத்தில் ஓடும் தரையின் கோண வேகம் குறையும். ஸ்கூட்டரில் 40 பறப்பதுபோல் இருக்கும், லாரியின் கேபினில் 60 சாவகாசமாக இருக்கும். போயிங் 747 சேவைக்கு வந்த புதிதில், விமானிகள் ஓடுபாதைக்குப் போகும் வழியில் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டிய கதை விமானத் துறையில் பிரபலம். பழைய விமானங்களைவிட அதன் விமானி அறை ஏறக்குறைய இரு மடங்கு உயரம். பழகிய கண் பழைய கணக்கையே போட்டது.

எதிரே வரும் பெரிய வண்டி மெதுவாக வருவதுபோல் ஏன் தோன்றுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது, நேராக நம்மை நோக்கி வரும் பொருள் பக்கவாட்டில் நகர்வதில்லை. பெரிதாகிக்கொண்டு மட்டும் வருகிறது. 2 மீட்டர் அகலமுள்ள வண்டி நொடிக்கு 20 மீட்டரில் வருகிறது என்று வையுங்கள். 100 மீட்டரில் அதன் பிம்பம் நொடிக்குக் கால் டிகிரிக்கும் குறைவாக விரிகிறது. 20 மீட்டரில் கிட்டத்தட்ட 6 டிகிரி. ‘திடீர்னு வந்துட்டான் சார்’ என்று விபத்துக்குப் பிறகு சொல்வது பொய் இல்லை. கண்ணுக்கு அது திடீரென்றுதான் வந்தது.

இரண்டாவது, அளவு. ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-ல் ரயில்வே கேட் விபத்துகளைப் பற்றி எழுதும்போது, பெரிய பொருள்கள் அதே வேகத்தில் வரும் சின்னப் பொருள்களைவிட மெதுவாகத் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். விமான நிலையத்தில் இறங்கும் பெரிய விமானம் மிதப்பதுபோலவும், சின்ன விமானம் விரைவதுபோலவும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆளில்லா கேட்டில் கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடப்பவருக்கு இது ஆபத்து. திரும்பி நேராகப் பாருங்கள், பார்த்த பிறகும் ‘நேரம் இருக்கிறது’ என்ற உள்மனதை நம்பாதீர்கள்.

இதில் தூரமே தேவைப்படாத ஒரு கணக்கும் உண்டு. பிம்பத்தின் அளவை, அது விரியும் வேகத்தால் வகுத்தால், மோத எத்தனை நொடி இருக்கிறது என்பது நேராகக் கிடைத்துவிடும். மேலே சொன்ன வண்டிக்கு 100 மீட்டரில் 5 நொடி. டேவிட் லீ 1976-ல் பிரேக் போடுவதை இதை வைத்து விளக்கினார். அழகான யோசனை; ஆனால் விரிவதே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அது உதவாது.

கிரிக்கெட்டில் பந்தை ‘கடைசி வரை பார்’ என்கிறார்கள். முடியுமா?

முடியாது, யாரும் பார்ப்பதும் இல்லை. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் 2000-ல் மூன்று மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். பந்து கிளம்பும் இடத்தைப் பார்க்கிறார்கள். உடனே கண் தாவிப்போய், பந்து எங்கே குத்தும் என்று கணித்த இடத்தில் காத்திருக்கிறது. நடுவில் பந்து ஓரப் பார்வையில்தான் பறந்து வருகிறது. நல்ல ஆட்டக்காரரின் கண் சீக்கிரமே தாவிவிடுகிறது.

ஓரப் பார்வையில் பறக்கும் பந்து என்ன செய்யும் என்பதற்கு ஆர்தர் ஷபீரோ குழுவினரின் காட்சி ஒன்று உண்டு. 2009-ல் ஆண்டின் சிறந்த காட்சிப் பிழைக்கான பரிசை வென்றது. ஒரு வட்டு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அதன் உள்ளே இருக்கும் கோடுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. நேராகப் பார்த்தால் நேராக இறங்கும். பார்வையைப் பக்கத்தில் வைத்தால் சாய்வாகப் போகும். வட்டின் நகர்வையும் உள்ளே கோடு ஓடுவதையும் ஓரப் பார்வையால் பிரிக்க முடிவதில்லை, இரண்டையும் கூட்டிவிடுகிறது. பேஸ்பாலில் வளைந்து வரும் பந்து கடைசி நொடியில் ‘முறிவது’ இதனால்தான் என்பது அவர்கள் யூகம். பந்து நிஜமாகவே வளைகிறது, ஆனால் சீராக வளைகிறது. பார்வை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறும் கணத்தில் முறிவதாகத் தெரிகிறது.

ஒரு கண் மட்டும் உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மன்சூர் அலி கான் பட்டோடி 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்ட் ஆட ஆரம்பித்தார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். அதே ஆண்டு, 21 வயதில், இந்திய அணியின் தலைவர்.

இரு கண் ஆழம் போனாலும் பிம்பம் விரிவதும், தலையை அசைத்தால் கிடைக்கும் இடமாறு தோற்றமும், தரையும் போவதில்லை. இழப்பு அதிகம் உறுத்துவது கைக்கெட்டும் தூரத்தில்: டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, படியில் கடைசி அடி. கூடவே ஒரு பக்கத்துப் பிறையும் போய்விடும்; அந்தப் பக்கம் வரும் அசைவுக்குத் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

ஒன்று மறைந்திருப்பதாகத் தெரிந்தாலே அசைவின் திசை மாறுமா?

மாறும். அட்டையில் உயரமான, ஒடுக்கமான செவ்வக ஓட்டை வெட்டுங்கள். பின்னால் சாய்கோடு போட்ட தாளைப் பக்கவாட்டில் இழுங்கள். கோடுகள் மேலேயோ கீழேயோ வழுக்குவதுபோல் தெரியும். மேற்கத்திய முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சுழலும் வண்ணக் கம்பம் இதே வித்தைதான். ஷிமோஜோ, சில்வர்மன், நாகயாமா மூவரும் 1989-ல், கோடுகள் ஓட்டைக்கு நன்றாகப் பின்னால் இருப்பதாக இரு கண் ஆழத்தை வைத்துக் காட்டினார்கள். வழுக்கல் பெருமளவு போய்விட்டது. கோட்டின் நுனி ‘வெட்டப்பட்ட நுனி, நிஜ நுனி இல்லை’ என்று மூளைக்குப் புரிந்ததும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்க வேறு ஏதாவது?

ஒரு நூலில் சாவியைக் கட்டி, பக்கத்திலிருப்பவரை இடவலமாக ஊஞ்சல்போல் ஆட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு சில்லை இடக்கண்ணுக்கு மட்டும் முன்னால் பிடித்து, இரண்டு கண்ணாலும் பாருங்கள். சாவி நேராக ஆடாது; நீள்வட்டமாகச் சுற்றும். வலப்பக்கம் போகும்போது தள்ளியும், திரும்பும்போது கிட்டத்திலும் வரும். இருட்டான கண்ணின் சேதி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. அந்தத் தாமதத்தை மூளை ஆழமாக மொழிபெயர்க்கிறது. 1922-ல் இதை விளக்கிய கார்ல் புல்ஃபிரிக் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். தன் பெயரில் உள்ள விளைவை அவரால் பார்க்க முடியவில்லை.

விஆர் (மெய்நிகர் காட்சி) கருவியைக் கண்ணில் மாட்டினால் குமட்டுகிறது. இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டஸ், ஃபைனர் இருவரும், பயனர் நகரும்போது மட்டும் காட்சியின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கினார்கள், குமட்டல் குறைந்தது. இன்று பல விளையாட்டுகளின் அமைப்புகளில் இந்த வசதி இருக்கிறது. இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஓரத்தில் ஏதோ அசைவது தெரிகிறது, திரும்பினால் ஒன்றுமில்லை. டாக்டரைப் பார்க்கணுமா?

எப்போதாவது என்றால் பயம் வேண்டாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் துடிப்பதுகூட நேராகப் பார்த்தால் தெரியாது, கடைக்கண்ணில் தெரியும்.

ஆனால் ஓரத்தில் மின்னல்போல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரை பிரியும் அறிகுறியாக இருக்கலாம். கிளாகோமா இதற்கு நேரெதிர். ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் அரித்துவிடும், மூளை ஓட்டையை ஒட்டுப்போட்டுவிடுவதால் ஆளுக்கே தெரியாது. 40 வயதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் முன்னதாகவே, கண் அழுத்தத்தையும் பார்வைப் பரப்பையும் சோதித்துக்கொள்வது நல்லது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. எங்கே பார்ப்பது?

தூரத்தில். நொடிக்கு 290 டிகிரியில் பாயும் கம்பத்தைக் கண் பிடிக்கப் பார்த்தால் தோற்றுப்போகும். குன்றைப் பார்த்தால் பிடிக்க ஒன்றுமே இல்லை. நடுவில் நிற்கும் ஒரு பனையை விடாமல் பார்த்தால் வேடிக்கை தெரியும்: அதற்கு இந்தப் பக்கம் இருப்பவை பின்னால் ஓடும், அந்தப் பக்கம் இருப்பவை உங்களோடு முன்னால் வரும், வயல்வெளி முழுவதும் அந்தப் பனையைச் சுற்றித் தட்டுபோல் சுழலும். கண் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற சேதியும் சேர்ந்தால்தான் எது முன்னால், எது பின்னால் என்று மூளையால் சொல்ல முடிகிறது.

அதையும் நேரில் பார்க்கலாம். எதிர் சீட்டில் வெளியே வேடிக்கை பார்ப்பவரின் கருவிழியைக் கவனியுங்கள். மெல்ல ஒரு பக்கம் நகரும், சட்டென்று திரும்பத் தாவும், மறுபடி மெல்ல, மறுபடி தாவல். அவருக்கே அது தெரியாது. பத்து நொடிக்கு மேல் பார்க்காதீர்கள்; நீங்கள் முறைப்பது அவருக்குக் கடைக்கண்ணில் நன்றாகவே தெரியும்.